பதினொரு மணி வெளிச்சம்

சிஸ்டர் என் ஓட்டோவில் ஏறினால் நான் வாயை மூடிவிட வேண்டும்.

இது சின்ன விஷயமில்லை. மன்னார் பஸ் நிலையத்தடியில் நிற்கிற ஓட்டோக்காரர்களில் அதிகம் கதைக்கிறவன் என்ற பெயர் எனக்கு இருந்தது, இன்னும் இருக்கிறது. பயம் வந்தால் நான் கதைப்பேன். பயம் வராத நேரம் எனக்குக் குறைவு. நடுத்தெருவில் யோசித்துக்கொண்டு நிற்கிற கழுதையைக் கண்டாலும் எனக்குப் பயம். பாலத்தில் ஓட்டோவைப் பக்கவாட்டில் தள்ளுகிற காற்றுக்குப் பயம். முசலிப் பாதையில் குறுக்கே வருகிற யானைக்குப் பயம். வராத யானைக்கு அதைவிடப் பயம், ஏனென்றால் அது எங்கே நிற்கிறதென்று தெரியாது.

மன்னாரில் ஒரு கன்னியர் மடத்தில் இருந்த சிஸ்டர் மாத முதல் வெள்ளிகளில் வருவார். கழுத்தில் ஒரு சின்ன வெள்ளைப் பை தொங்கும். அதற்குள் நன்மைப் பெட்டி, பூசையில் ஆண்டவரின் உடலாகக் கொடுக்கிற அப்பம் வைக்கிறது. கோயிலுக்கு வர ஏலாமல் படுக்கையில் கிடக்கிறவர்களுக்கு வீடு வீடாக நன்மை கொண்டுபோய்க் கொடுப்பது அவருடைய வேலை. நன்மை கொண்டு போகிறவர் வழியில் வீண்கதை கதைக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். கூடப் போகிறவரும்தான். ஓட்டோ ஓட்டுகிறவனுக்கும் அது பொருந்துமா என்று முதல் நாளே கேட்டேன்.

"தம்பி, போகேக்க ஆண்டவர் இருக்கிறார். வரேக்க நீர் கதையும்" என்றார்.

அப்படித்தான் அமைந்தது. போகும்போது அவர் உதடு அசையாமல் செபித்துக்கொண்டு வருவார். நான் வாய்க்குள் அடைபட்ட பயங்களோடு வியர்த்துக்கொண்டு ஓட்டுவேன். கடைசி நோயாளியின் வீட்டில் நன்மை கொடுத்து முடிந்து, பெட்டி வெறுமையானதும், அவர் படியிறங்கி வந்து ஓட்டோவில் குந்தி, தன் துணிப் பைக்குள் கையை விட்டு ஒரு சின்னக் கமராவை எடுப்பார். நான் வாயைத் திறப்பேன். அவர் கமராவைத் திறப்பார். அதற்குள் மணி பதினொன்றைத் தொட்டிருக்கும்.

படம் எடுக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். பதினொரு மணி வெயிலைப் போல மோசமான வெளிச்சம் இல்லை என்பார்கள், அதுவும் மன்னாரில். மணலும் வெள்ளை, வானமும் வெள்ளை, நடுவில் நிற்கிற மனிசன் கறுப்பு. கலியாணப் படம் எடுக்கிற என் சிநேகிதன் ஒருவன் சிஸ்டருடைய படங்களைப் பார்த்துவிட்டு, விடிய ஆறு மணிக்கோ பின்னேரம் ஐந்து மணிக்கோ போகச் சொல்லு, இது முகத்தில் கரி பூசுகிற வெயில் என்று சொல்லியனுப்பினான். நான் அதை அப்படியே ஒப்புவித்தேன்.

சிஸ்டர் கோபிக்கவில்லை. "விடியக்காலை வெளிச்சம் வடிவுதான். ஆனா அந்த நேரம் ஆண்டவர் என்ர கழுத்தில இருக்கிறார். அவரை வைச்சுக்கொண்டு நான் வேற எங்க பாக்கிறது?"

அவருடைய கமராவின் பிளாஷ் மேல் ஒரு துண்டுப் பிளாஸ்டர் ஒட்டியிருக்கும். புண்ணுக்கு ஒட்டுகிற பிளாஸ்டர்தான். வெளிநாட்டிலிருக்கிற மருமகன் கொடுத்த கமராவாம். வாங்கின அன்றே ஒட்டிவிட்டாராம். இருட்டில் படம் வேண்டாமா என்று கேட்டால், இருட்டென்றால் இருட்டு என்பார். ஒரு இடத்தில் ஒரு படத்துக்கு மேல் எடுக்கவும் மாட்டார். என் மகளின் பிறந்தநாளுக்கு நான் எடுத்த படங்களில் எல்லாவற்றிலும் கேக் தெளிவாக இருக்கும், பிள்ளை கண்ணை மூடியிருக்கும். ஆகவே ஒன்று பிழையாய்ப் போனாலும் என்று இன்னொன்று எடுத்து வைக்கும்படி அவரை நச்சரிப்பேன். பிழையாய்ப் போனால் போனதுதான், தந்ததை வாங்கிக்கொண்டு போவோம் என்பது அவருடைய பதில். ஒருமுறை பாலத்தடிச் சதுப்பில் சூரியனை முகில் மூடிவிட்டது. அவர் சேலைத் தலைப்பைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு நின்றார். நின்றுகொண்டே இருந்தார். ஓட்டோவின் பின்சில்லு சேற்றில் மெல்ல மெல்ல இறங்குவதாக எனக்குப் பட்டது. நான் இறங்கிச் சில்லைப் பார்ப்பதும் ஏறுவதுமாக இருந்தேன். கடைசியில் முகில் விலகவேயில்லை. "இண்டைக்கு இல்லையாம்" என்று சொல்லி வந்து ஏறினார், கடையில் பாண் முடிந்துவிட்டது என்று சொல்லுகிற மாதிரி. சில்லு ஒரு விரலளவுகூட இறங்கியிருக்கவில்லை.

இந்தப் படங்கள் யாருக்கு என்பதைச் சொல்ல வேண்டும்.

பேசாலையில் ஒருவர் பாரிசவாதம் வந்து கிடந்தார். கடலில் பிழைத்த மனிசன். அவருடைய கட்டிலுக்கு நேரே ஒரு யன்னல், யன்னலுக்கு நேரே பக்கத்து வீட்டுச் சுவர். நன்மை வாங்கின பிறகு அவர் சிஸ்டரிடம் கடல் இன்றைக்கு எப்படி இருக்கிறதென்று கேட்டார். சிஸ்டருக்குப் பதில் தெரியவில்லை. வெளியே வந்து, கரைக்குப் போய், தண்ணீரில் வெயில் நொறுங்கிக் கிடப்பதை ஒரு படம் எடுத்து, திரும்பப் போய்க் கமராவின் பின்பக்கத்தைக் காட்டினார். அவர் கன நேரம் பார்த்தார். சோளகக் காத்து துவங்கப் போகுது என்று மட்டும் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

அதற்குப் பிறகு சிஸ்டர் எல்லோரிடமும் கேட்கத் துவங்கினார். எந்த வெளிச்சம் வேண்டும்? நோயாளிகள் முதலில் விழிப்பார்கள். பிறகு சொல்லுவார்கள். யாரும் முகத்தைக் கேட்கவில்லை, அதுதான் எனக்கு ஆச்சரியம். நானென்றால் என் முகத்தைத்தான் கேட்டிருப்பேன், முடி இருந்த காலத்து முகத்தை. அடம்பனில் ஒருவர் வயலுக்குத் தண்ணீர் கட்டின அன்று வரம்போரம் நிற்கிற பளபளப்பைக் கேட்டார். கொண்டச்சியில், நாங்கள் தண்ணி குடிக்க நின்ற வீட்டு வாப்பா ஒருவர், இதைக் கேள்விப்பட்டுவிட்டு, எங்களுக்கும் எடுத்துத் தருவீங்களோ என்று கஜு மரத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாக விழுகிற வெயிலைக் கேட்டார். இந்தியாவில் அகதி முகாமில் வருஷக்கணக்காக இருந்துவிட்டுத் திரும்பி வந்த ஒரு மனிசிக்கு, தன் சொந்தக் காணிக்குள் கட்டின கொடியில் காய்கிற வெள்ளைச் சேலை வேண்டியிருந்தது. சேலை வீட்டுக்குப் பின்னால்தான் காய்ந்துகொண்டிருந்தது. அவரால் அவ்வளவு தூரம் எழுந்து போக முடியாது.

சிஸ்டர் நகரத்தில் ஒரு கடையில் படத்தைக் கழுவி, அடுத்த முதல் வெள்ளிக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். அதற்கிடையில் ஆள் போய்விட்டால், அடக்கத்துக்குப் போய், சவப்பெட்டியை மூடுவதற்கு முன் கைக்குள் செருகிவிடுவார். அப்படிச் செருகின படங்கள் பல.

ஒருநாள் வங்காலைப் பக்கம் திரும்பி வரும்போது பகிடியாகக் கேட்டேன். படம் எடுக்கிற நேரத்துக்கு ஒரு செபமாலை சொன்னால் மோட்சத்தில் கதிரை கொஞ்சம் முன்வரிசையில் கிடைக்காதா என்று. அவர் சிரிப்பார் என்று கண்ணாடியில் பார்த்தேன்.

"கண்ணை மூடினால் எனக்கு ஒண்டும் வாறேல்லை, தம்பி" என்றார். "கன வருசமா வாறேல்லை. அதுதான் திறந்து வைச்சிருக்கிறன்."

சண்டைக் காலத்தில் வன்னிக்குள் ஒரு பிள்ளைகள் இல்லத்தில் இருந்தவர் அவர். இரவில் வெளிச்சம் தெரியக் கூடாதென்று யன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டியிருந்தார்களாம். அவ்வளவுதான் சொன்னார். அந்தப் பிள்ளைகளைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எதற்கும் ஒரு பகிடி வைத்திருக்கிறவன் நான். அன்றைக்குத் தேடிப் பார்த்தேன், கையில் பிரேக் மட்டும்தான் கிடைத்தது. பாதையில் ஒன்றும் இல்லாமலே பிடித்தேன்.

பிறகு அவரை மலைநாட்டில் ஒரு மடத்துக்கு மாற்றிவிட்டார்கள். எப்போதாவது போன் எடுப்பார். அங்கே பனியாம், பதினொரு மணியானாலும் எதிர்ச் சுவர் தெரியாதாம். போன வருஷம் அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டார். செய்தி வந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. யாராவது அவர் கைக்குள் எதையாவது செருகினார்களோ தெரியாது. என்னிடம் அவருடைய படம் ஒன்றும் இல்லை. அவர் எப்படிப்பட்டவர் என்று யாரும் கேட்டால் நான் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத்தான் சொல்லுவேன்.

முசலிப் பக்கம், காட்டோரமாகத் தகரம் போட்ட ஒரு வீட்டில், ஒரு அம்மா கிடந்தார். இடுப்பெலும்புக்குள் புற்றுநோய். திருப்பிப் படுக்க வைத்தாலே கத்துவார். அவருடைய ஊர் அங்கிருந்து அதிக தூரமில்லை. ஆனால் சண்டைக்குப் பிறகு அந்த ஊர் ஆமி முகாம் வேலிக்குள் போய்விட்டது. வீடுகள் இல்லை. கோயில் மட்டும் நிற்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு பூசைக்கு உள்ளே விடுவார்கள். அடையாள அட்டையைக் காட்டி, போனையும் கமராவையும் வாசலில் ஒப்படைத்துவிட்டுப் போய், பூசை முடிந்ததும் வந்துவிட வேண்டும். படம் எடுக்கத் தடை. எல்லோருக்கும் தெரிந்த விதி.

அந்த அம்மா கேட்ட வெளிச்சம் அந்தக் கோயிலுக்குள் இருந்தது. தெற்குப் பக்கத்து இரண்டாம் யன்னலடியில், சுவரோரமாக, கலியாணம் கட்டி வந்த நாளிலிருந்து அவர் இருந்த இடம். மார்கழி மாதத்தில், பூசையில் குருவானவர் அப்பத்தை உயர்த்திக் காட்டுகிற எழுந்தேற்ற நேரத்தில், அந்த யன்னலால் வெயில் வந்து சரியாக அவருடைய மடியில் விழுமாம். மடியில் பிள்ளை இருந்தால் பிள்ளையில் விழுமாம். "அதை ஒருக்காக் காட்டிப்போட்டு விடுங்கோ சிஸ்டர். பிறகு நான் போறன்" என்றார். மகள்காரி வாசலுக்கு வந்து, அம்மா இந்த மாதம் தாண்டமாட்டா என்று எங்களிடம் மெல்லச் சொன்னாள். மார்கழி பிறந்திருந்தது.

சிஸ்டர் அனுமதி கேட்டு யார் யாரையோ பார்த்தார். கிடைக்கவில்லை. பூசை நாள் வந்தது. கமரா இல்லாமலே போய்ப் பார்த்து வருவம் என்றார்.

போகும் வழியெல்லாம் நான் கதைத்தேன். அன்று கழுத்தில் பை இல்லாதபடியால் தடையில்லை. வாசலில் ஒரு இளம் சிப்பாய் பிளாஸ்டிக் பேசின் ஒன்றை நீட்டினான். நான் என் போனைப் போட்டேன். போட்டுவிட்டு, அடையாள அட்டையைத் தேடி, அது கையிலேயே இருப்பதைக் கண்டு, திரும்பத் தேடினேன். கமரா, போன் வேறு ஒன்றும் இல்லையே என்று அவன் அரைகுறைத் தமிழில் கேட்டான். இல்லை என்று சிஸ்டர் சொன்னார். நானும் தலையாட்டினேன். வேண்டிய அளவுக்கு மேலேயே ஆட்டினேன்.

பூசை நடந்தது. எழுந்தேற்றத்துக்கு மணி அடித்த அந்த நேரத்தில் என் காற்சட்டைப் பைக்குள் ஏதோ துடித்தது. எனக்கு முதலில் வந்த எண்ணம் இதயம் கீழே இறங்கிவிட்டது என்பதுதான். பிறகுதான் விளங்கியது. ஹயருக்கு ஒரு போன், வீட்டுக்கு ஒரு போன் என்று நான் இரண்டு வைத்திருந்தேன். பேசினுக்குள் போனது ஒன்றுதான். வீட்டுப் போன், ஓரம் வெடித்த பழசு, பைக்குள் கிடந்து என் மனிசியின் அழைப்பில் நடுங்கிக்கொண்டிருந்தது. முழங்காலில் நின்றபடி அதை வெளியே இழுத்து, கண்ட கண்ட இடமெல்லாம் அமத்தி, நிறுத்தி, திரும்ப உள்ளே தள்ளினேன். ஆண்டவரே, இது மட்டும் தப்பினால் இனி வாயே திறக்கமாட்டேன் என்று நேர்ந்துகொண்டேன். வழக்கமாக நேர்கிறதுதான்.

தப்பிவிட்டேன். வாசலில் மற்றப் போனை வாங்கினேன். முகாம் வேலி பின்னால் மறைந்த பிறகு, ஓட்டோவை ஓரங்கட்டி, மனிசி ஏன் எடுத்தாள் என்று பழைய போனைத் திறந்தேன். அதில் ஒரு படம் இருந்தது. நான் அமத்தின அமத்தில் கமராவும் திறந்து எடுத்தும் விட்டது. ஒரு மூலையில் என் கைப் பெருவிரல். மற்றதெல்லாம் கோயில் நிலம். நிலத்தில், யன்னல் கம்பிகளின் நிழலோடு, சரிந்து விழுந்த ஒரு துண்டு வெயில்.

எனக்குத் துள்ள வேண்டும் போலிருந்தது. சிஸ்டரிடம் நீட்டினேன். அவர் வாங்கி, வெயில் படாமல் கையால் மறைத்துப் பார்த்தார். அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"திருப்பும்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"ஓட்டோவைத் திருப்பும் தம்பி. வேற போன் இல்லையெண்டு சொல்லிப்போட்டுத்தானே உள்ள போனனாங்கள்."

நான் கெஞ்சினேன். வழக்கு, கோடு என்று இழுபடுவேன் என்றேன், ஓட்டோவைப் பறிப்பார்கள் என்றேன், மகளின் கலியாணத்துக்கு நான் சிறையிலிருந்துதான் வர வேண்டும் என்றேன். மகளுக்கு அப்போது ஒன்பது வயது. நான் திருப்பினேன். ஏன் திருப்பினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அதே சிப்பாய். சிஸ்டர் அவனோடு சிங்களத்தில் கதைத்தார். இவரிடம் இன்னொரு போன் இருந்தது, எங்களுக்கே தெரியாது, இப்படி ஒரு படம் விழுந்துவிட்டது என்று சொல்லியிருக்க வேண்டும். அவன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். என் பெருவிரலைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். இது என்ன என்று சிஸ்டரைக் கேட்டான். "எலிய" என்றார் அவர். வெளிச்சம் என்பதற்கு எனக்கும் தெரிந்த சிங்களச் சொல்.

அவனுக்குச் சிரிப்பு வந்த மாதிரித்தான் இருந்தது. விட்டுவிடுவான் என்று நினைத்தேன். ஆனால் காவலறைக்குள்ளிருந்து பெரியவர் ஒருவர் என்னவென்று கேட்டார். இவன் சொன்னான். உள்ளிருந்து ஒரு சொல் வந்தது. அவன் படத்தை அழித்து, அழித்ததை எங்களுக்குக் காட்டி, போனை இரண்டு கையாலும் திருப்பித் தந்தான். அந்தப் போன் அழித்ததைத் திருப்பித் தருகிற சாதி இல்லை.

திரும்பி வரும்போது முதல் தடவையாக எனக்குக் கோபம் வந்தது. பயம் இல்லாத கோபம். "உண்மை பேசுறதுக்கும் ஒரு அளவு வேணும் சிஸ்டர். சாகக் கிடக்கிற மனிசி. அவவுக்கு உதெல்லாம் தெரியவா போகுது?"

"அது அவவுக்கு எடுத்த படம் இல்லை, தம்பி. நீர் பயத்தில எடுத்த படம்."

அந்த அம்மாவின் வீட்டு ஒழுங்கைக்குள் திரும்பினபோது பின்னாலிருந்து சிஸ்டரின் குரல் வந்தது. "நான் பிழை விட்டிட்டனோ?"

கண்ணாடியில் பார்த்தேன். கமரா இல்லாத துணிப் பையை இரண்டு கையாலும் மடியோடு அமத்திக்கொண்டிருந்தார். ஓட்டோவை நிறுத்தினேன்.

நான் அறை வாசலில் நின்றேன். அந்த அம்மா எங்கள் சத்தம் கேட்டு முழித்திருந்தார். முகம் காய்ந்து, கண் மட்டும் பெரிதாக இருந்தது. அது சிஸ்டரின் கையைப் பார்த்தது. சிஸ்டர் கட்டிலோரம் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"அக்கா, படம் இல்லை. எடுக்க விடேல்லை. நான் போய்ப் பாத்திட்டு வந்தனான்."

மகள்காரி முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

"எந்த யன்னலால வந்தது?" என்று அந்த அம்மா கேட்டார்.

"தெற்குப் பக்கம், ரெண்டாவது. எழுந்தேற்ற மணி அடிக்கேக்க உள்ள வந்தது. கம்பி நிழலும் சேர்ந்து வந்தது. நடுக்கம்பி வளைஞ்சிருக்கு."

"அது என்ர மூத்தவன் தொங்கி வளைச்சது." அவருடைய விரல்கள் போர்வைக்கு மேலே கொஞ்சம் அசைந்தன. "என்ர இடத்தில ஆர் இருந்தது?"

சிஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒரு பெயரைச் சொல்லுங்கள், எவளாவது ஒரு பிள்ளைக்காரி இருந்தாள் என்று சொல்லுங்கள் என்று நான் மனதுக்குள் மன்றாடினேன். அவர் என்னைவிட்டுக் கண்ணை எடுத்து அந்த அம்மாவைப் பார்த்தார்.

"ஒருத்தரும் இல்லை அக்கா. அந்த இடம் வெறுமையாக் கிடந்தது."

வெளியே கோழி ஒன்று சருகைக் கிளறிக்கொண்டிருந்தது. அந்த அம்மாவின் கண்ணிலிருந்து ஒரு பக்கமாகத் தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. அவர் துடைக்கவில்லை. சிஸ்டரும் துடைத்துவிடவில்லை.

"அப்ப வெயில் நிலத்திலதான் விழுந்திருக்கும்" என்றார்.

"ஓம்" என்றார் சிஸ்டர். "நிலத்திலதான் விழுந்தது."